இரத்தப் பரிசோதனைப் பெக்கேஜ் எடுத்துப் பார்த்தேன்: சிவப்பு எண்களும் பச்சை எண்களும்

மழைச்சாரல் (கொட்டகலை) – ஜனவரி 18

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 34, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஒரு வருடமாகவே களைப்பு. நான்காம் பாடவேளைக்குப் பிறகு நின்றுகொண்டு படிப்பிக்க முடிவதில்லை. மேட்டில் இருக்கும் வகுப்புக்கு ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. தலைமுடியும் கொட்டுகிறது. "டீச்சர் வேலை என்றால் களைப்புதானே" என்று வீட்டில் சொன்னார்கள், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் கைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. ஆப்பில் பதிவு செய்தால் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுப்பார்களாம். 64 பரிசோதனைகள், 18,500 ரூபா. சீட்டுக் காசு கையில் இருந்ததால் துணிந்து கட்டினேன். காலை ஆறு மணிக்கு, பனி மூடியிருந்த நேரத்தில், ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல பிள்ளை, ஒரே குத்தில் எடுத்துவிட்டார். நான்கு குழாய்களையும் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். பரிசோதனை கொழும்பில் நடக்கும் என்றார்.

மறுநாள் மாலை ரிப்போர்ட் வந்தது. 64 எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பொட்டாசியம் 5.7 சிவப்பு. ட்ரைகிளிசரைட்டு (இரத்தத்தில் உள்ள கொழுப்பு) 188 சிவப்பு. விற்றமின் டி 17 சிவப்பு. எச்.பி.ஏ.1.சி. 5.9 செம்மஞ்சள், பக்கத்தில் "நீரிழிவுக்கு முந்திய நிலை" என்று எழுதியிருந்தது. மற்றதெல்லாம் பச்சை. கீழே மூன்று வகை மாத்திரைகளும் அவற்றை வாங்கும் பொத்தானும் இருந்தன.

பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுவிடலாம் என்று இணையத்தில் வாசித்ததில் இருந்து இரண்டு இரவு தூக்கமில்லை. வாழைப்பழத்தையும் இளநீரையும் நிறுத்திவிட்டேன். இந்த ரிப்போர்ட்டை எப்படி வாசிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சைமலை (ஹட்டன்) – ஜனவரி 18

தங்கச்சி, நான் 16 வருடமாக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். டொக்டர் இல்லை, ஆகவே மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குழாய்க்குள் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லலாம்.

உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் மிகப் பெரும் பங்கு செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. நாங்கள் அளப்பது வெளியே உள்ள கொஞ்சத்தை. செல்லின் சுவரில் இருக்கும் ஒரு பம்ப்தான் அதை உள்ளே பிடித்து வைக்கிறது. குளிர் பட்டால் அந்தப் பம்ப் வேலையைக் குறைத்துவிடும், பொட்டாசியம் மெதுவாக வெளியே கசியும். ஜனவரி மாதத்துக் காலைப் பனியில் எடுத்த இரத்தம், அதை ஐஸ் பெட்டியில் வைத்து, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வளைவுகளில் குலுங்கிக்கொண்டு கொழும்பு போயிருக்கிறது. எடுத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சுழற்றி, செல்லையும் சீரத்தையும் பிரித்திருக்க வேண்டும். இங்கேயே பிரித்து அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பணு உடைந்து பொட்டாசியம் கூடினால் சீரம் இளஞ்சிவப்பாக மாறிவிடும், பார்த்தவுடன் நாங்கள் நிராகரித்து, திரும்ப எடுக்கச் சொல்வோம். குளிரில் கசிந்தால் நிறமே மாறாது. மெஷினும் கண்டுபிடிக்காது, ஆளும் கண்டுபிடிக்க முடியாது.

அதற்காக இது பொய் எண் என்று விட்டுவிடவும் வேண்டாம். உண்மையிலேயே கூடியிருந்தால் அது அவசரமான விஷயம். நாளைக்கே கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே இரத்தம் எடுத்து அங்கேயே பார்க்கிற இடத்தில் பொட்டாசியத்தை மட்டும் திரும்பச் செய்யுங்கள். நெஞ்சு படபடப்பதையும் சொல்லுங்கள், ஈ.சி.ஜி. எடுப்பார்கள்.

இன்னொன்று. சிவப்பை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது பச்சை எண்கள். ஹீமோகுளோபின், எம்.சி.வி. (சிவப்பணுவின் பருமன்), பெரிட்டின், கிரியட்டினின் (சிறுநீரகத்துக்கானது), வெறும் வயிற்றுச் சீனி. இந்த ஐந்தையும் போடுங்கள்.

மழைச்சாரல் (கொட்டகலை) – ஜனவரி 19

அண்ணே, மிக்க நன்றி. இன்று காலையே ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்தேன். மத்தியானம் சொன்னார்கள்: பொட்டாசியம் 4.3. ஈ.சி.ஜி.யும் சரி. அழுகையே வந்துவிட்டது.

நீங்கள் கேட்டவை: ஹீமோகுளோபின் 12.2, எம்.சி.வி. 81, பெரிட்டின் 13, கிரியட்டினின் 0.7, வெறும் வயிற்றுச் சீனி 92. ஐந்தும் பச்சை.

பச்சைமலை (ஹட்டன்) – ஜனவரி 19

பொட்டாசியம் முடிந்தது. இப்போது பச்சைக்கு வருவோம், உங்கள் களைப்பு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு. அந்த லேப் பெண்களுக்குக் கீழ் எல்லையாக 10 போட்டிருக்கும், அதனால் 13 பச்சை ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சுகமாக இருக்கும் வளர்ந்தவர்களுக்கு வைத்திருக்கும் எல்லை 15. முப்பதுக்குக் கீழே போனாலே இரும்பு குறைவு என்று பார்க்கும் டொக்டர்மார் பலர். உங்கள் பெட்டி கிட்டத்தட்ட காலி.

அடுத்தது ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12க்கு மேல் இருந்தால் சரி என்பது கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்கான கணக்கு. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் குறைவு, அதை ஈடுகட்ட உடம்பு கூடுதலாக ஹீமோகுளோபின் செய்யும். ஹட்டன், கொட்டகலை எல்லாம் 1,200 மீற்றருக்கு மேலே. உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 1,000 முதல் 1,499 மீற்றர் வரை உள்ள இடங்களில் எல்லையை 0.8 ஆல் கூட்டிப் பார்க்க வேண்டும். நுவரெலியாக்காரர்களுக்கு, 1,800 மீற்றருக்கு மேல் இருப்பதால், 1.1. அப்படிப் பார்த்தால் கொட்டகலையில் உங்களுக்கான எல்லை 12.8. உங்களுடையது 12.2. கொழும்பில் உட்கார்ந்திருக்கும் ஆப்புக்கு நீங்கள் மலையில் இருப்பது தெரியாது.

எச்.பி.ஏ.1.சி. விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சிவப்பணுவில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்கிற பரிசோதனை அது. இரும்பு குறைந்தவர்களுக்கு, சீனி கூடாமலே இந்த எண் கொஞ்சம் கூடிக் காட்டும். உங்கள் வெறும் வயிற்றுச் சீனி 92, நல்ல எண். இரும்பைச் சரி செய்துவிட்டு மூன்று நான்கு மாதம் கழித்து இதைத் திரும்பப் பாருங்கள். அதுவரை "நீரிழிவுக்கு முந்திய நிலை" என்ற பட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ட்ரைகிளிசரைட்டு ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் 20 வீதம் அளவுக்கு மாறக்கூடியது. முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டீர்கள்?

ரிப்போர்ட்டை ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். இரும்பு ஏன் குறைந்தது என்று கேளுங்கள். குறைந்ததற்குக் காரணம் தெரியாமல் மாத்திரை குடிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

மழைச்சாரல் (கொட்டகலை) – ஜனவரி 19

முதல் நாள் அக்கா மகளின் சடங்கு அண்ணே. இரவு ஒன்பதரைக்கு பிரியாணி சாப்பிட்டேன்.

குறிஞ்சி (பண்டாரவளை) – ஜனவரி 20

தங்கச்சி, பொது இடத்தில் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாதவிடாய் எத்தனை நாள்? எனக்கு எட்டு நாள் போகும், கட்டி கட்டியாக. அதுதான் சாதாரணம் என்று இருபது வருடம் இருந்தேன். அம்மாவுக்கும் அப்படித்தான், சின்னம்மாவுக்கும் அப்படித்தான். கர்ப்பப்பையில் கட்டி என்று பிறகுதான் தெரிந்தது. டொக்டரிடம் வெட்கப்படாமல் எத்தனை பேட் மாற்றுகிறோம் என்று எண்ணிச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் எந்த ரிப்போர்ட்டும் அதைச் சொல்லாது.

புசல்லாவை சேர் – ஜனவரி 20

பிள்ளைகளே, ஓய்வு பெற்ற ஆசிரியன் நான், வயது 63. எல்லோரும் இந்தப் பெக்கேஜைக் குறை சொல்வது போல் போகிறது. என் கதையையும் கேளுங்கள்.

எனக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. மகன்தான் பிடிவாதமாக இதே போன்ற ஒரு பெக்கேஜுக்குப் பணம் கட்டினான். வெறும் வயிற்றுச் சீனி 168, எச்.பி.ஏ.1.சி. 8.1. திரும்ப எடுத்தோம், அதே எண். 126க்கு மேல் இரண்டு தரம் வந்தால் நீரிழிவு, மறுக்க முடியாது. எத்தனை வருடமாக இருந்ததோ, கண்ணின் பின்பக்கத்தில் ஏற்கனவே பாதிப்பு ஆரம்பித்திருந்தது. அந்தத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்திருக்காவிட்டால் பார்வை மங்கின பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

நான் மெலிந்த ஆள். மெலிந்தவனுக்குச் சீனி வராது என்று நம்பியிருந்தேன். தெற்காசியர்களுக்கு உடல் நிறை குறைவாக இருக்கும்போதே நீரிழிவு வரும் என்றும், அதனால்தான் நமக்கு பி.எம்.ஐ. எல்லையை 25க்குப் பதிலாக 23 என்று பார்க்கிறார்கள் என்றும் டொக்டர் சொன்னார். ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. டேப் ஒன்று இருந்தால் வீட்டிலேயே அளக்கலாம். இதைச் சொல்லித்தர யாரும் என்னிடம் வரவில்லை, அந்தப் பெக்கேஜ்தான் வந்தது.

பச்சைமலை (ஹட்டன்) – ஜனவரி 20

சேர், நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. நான் பெக்கேஜை எதிர்க்கவில்லை. ஆனால் உங்களைக் காப்பாற்றியது 64 பரிசோதனை இல்லை, ஒரே ஒரு சீனிப் பரிசோதனை. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்கத்தின் எச்.எல்.சி. கிளினிக்குகளில், அதாவது ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில், இதை இலவசமாகவே பார்க்கிறார்கள். பிரஷர், எடை, சீனி எல்லாம் ஒரே நாளில். உங்கள் பகுதியில் எந்த நாள் என்று எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஆபிஸில் கேட்டால் சொல்வார்கள்.

மீதி 60க்கும் மேற்பட்ட எண்களால் வரும் தொல்லையையும் பாருங்கள். "சாதாரண அளவு" என்று ரிப்போர்ட்டில் போடுவது சுகமாக இருக்கும் ஆட்களில் 95 வீதத்தினர் நிற்கிற எல்லை. அப்படியென்றால் சுகமாக இருப்பவர்களிலேயே 20 பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே இருப்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகள் செய்தால், ஒரு வருத்தமும் இல்லாத ஆளுக்கு ஒன்றாவது சிவப்பில் வர 64 வீத வாய்ப்பு உண்டு. 64 பரிசோதனைக்குச் சிவப்பே வராவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

டிக்கோயா ஓட்டம் – ஜனவரி 21

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வயது 27, தினமும் ஓடுகிறவன். உடம்பை இன்னும் நன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று இதே மாதிரி ஒன்றை எடுத்தேன். ஈரல் எண்களில் ஏ.எஸ்.டி. 84, ஏ.எல்.டி. 53, இரண்டும் சிவப்பு. நான் குடிப்பதே இல்லை. அம்மா நம்பவில்லை. வீட்டில் ஒரு வாரம் பேச்சே இல்லாமல் இருந்தது, அது என் மனதை மிகவும் வருத்தியது.

டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "அதற்கு முன் என்ன செய்தாய்?" சனிக்கிழமை இரவு நல்லதண்ணியில் இருந்து சிவனொளிபாதமலை ஏறி ஞாயிறு இறங்கினேன். திங்கள் காலை இரத்தம் கொடுத்தேன். அவர் சி.கே. என்ற தசைப் பரிசோதனையைச் சேர்த்தார், அது ஆயிரத்தைத் தாண்டி இருந்தது. ஏ.எஸ்.டி. ஈரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கிறதாம். ஏறுவதை விட, படி இறங்கும்போதுதான் தொடைத் தசை அதிகம் சிதைகிறதாம். பத்து நாள் ஓடாமல் இருந்து திரும்ப எடுத்தேன், எல்லாம் சரி. அந்த இரண்டாவது ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

மலைக்குப் போய் வந்த வாரத்தில் யாரும் பரிசோதனை எடுக்காதீர்கள்.

தூரத்து மஸ்கெலியா (லண்டன்) – ஜனவரி 22

வாசித்துக்கொண்டே வந்தேன். நான் கேட்க நினைத்ததும் இதுதான். அம்மா மஸ்கெலியாவில் தனியாக இருக்கிறார், வயது 66. எட்டு வருடமாக நீரிழிவு, மெட்போர்மின் குடிக்கிறார். பிறந்த நாளுக்கு இங்கிருந்தே அந்த ஆப்பில் பெரிய பெக்கேஜ் ஒன்றைக் கட்டலாம் என்று பார்த்தேன். புற்றுநோய்க் குறியீடுகளும் சேர்த்து 90 பரிசோதனைகள். தூரத்தில் இருக்கிற மகனுக்கு வேறு என்ன செய்ய முடியும்?

இங்கேயும் இது பெரிய வியாபாரம். தபாலில் ஒரு பெட்டி வரும், விரல் நுனியில் குத்தி சொட்டுச் சொட்டாகக் குழாயை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். நான் இரண்டு தரம் செய்தேன், இரண்டு தரமும் "மாதிரி பழுதாகிவிட்டது" என்று பதில் வந்தது. விரலைப் பிசைந்து பிசைந்து எடுத்ததால் சிவப்பணு உடைந்துவிட்டதாம். ஒரு சொட்டில் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்ற ஆசை இவர்களை எல்லாம் பிடித்து ஆட்டுகிறது. அமெரிக்காவில் 2003 இல் தொடங்கிய தெரானோஸ் அதைச் சொல்லித்தான் கோடிக்கணக்கில் பணம் திரட்டியது. கடைசியில் மெஷின் சொன்னபடி வேலை செய்யவில்லை. அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றினார் என்று 2022 ஜனவரியில் தீர்ப்பானது.

அப்புறம், வெளிநாட்டு ரிப்போர்ட்டையும் ஊர் ரிப்போர்ட்டையும் ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே சீனி 5.1 என்று வரும். 18 ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கில் 92. கொலஸ்ட்ரோலுக்கு 38.67 ஆல் பெருக்க வேண்டும். இது தெரியாமல் அம்மாவின் சீனி 148 என்று இருந்ததைப் பார்த்து ஒரு நாள் பயந்தே போனேன்.

பச்சைமலை (ஹட்டன்) – ஜனவரி 22

தம்பி, அம்மாவுக்கு அந்தப் பெரிய பெக்கேஜ் வேண்டாம். புற்றுநோய்க் குறியீடுகள் பெரும்பாலும் நோய் ஏற்கனவே உறுதியான ஒருவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் பயன்படும். சி.ஏ.125 சூலகக் கட்டி இல்லாத பெண்களுக்கும் கூடும், சி.ஈ.ஏ. புகைபிடிப்பவர்களுக்குக் கூடும். கூடின எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் இல்லை என்று உறுதியாகும் வரை கண்டிக்கும் கொழும்புக்கும் அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 66 வயது அம்மா தனியாக அலைவதை நினைத்துப் பாருங்கள்.

எட்டு வருட நீரிழிவுக்குத் தேவையானவை வேறு. எச்.பி.ஏ.1.சி., கிரியட்டினின், சிறுநீரில் அல்புமின், கொலஸ்ட்ரோல். மெட்போர்மின் நீண்ட காலம் குடிப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், கால் விறைக்கிறது, எரிகிறது என்று சொன்னால் அதையும் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் இரத்தத்திலும் சிறுநீரிலும். மிச்சம் எதையும் மோட்டார் சைக்கிளில் வருகிற ஆள் பார்க்க முடியாது: கண்ணின் விழித்திரையைப் பார்க்க வேண்டும், பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பிரஷர் அளக்க வேண்டும். அந்தப் பெக்கேஜ் காசில் அம்மாவை ஒரு வாகனம் பிடித்து கண் கிளினிக்குக்கு அழைத்துப் போக ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

தூரத்து மஸ்கெலியா (லண்டன்) – ஜனவரி 23

அம்மாவிடம் போனில் கேட்டேன். கால் எரிகிறதாம். ஆறு மாதமாம். "உனக்கு எதற்குச் சொல்லிக் கவலை" என்றார். மச்சானிடம் பேசியிருக்கிறேன், புதன்கிழமை அழைத்துப் போகிறார்.

ஏழாம் நம்பர் லயம் (பொகவந்தலாவை) – ஜனவரி 24

இலவச கிளினிக் இருக்கிறது என்று அண்ணன் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் எங்கள் அம்மாவுக்கு அது இலவசம் இல்லை.

கிளினிக் இருப்பது வேலை நாளில். காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், இல்லை. பஸ் இரண்டு மாற வேண்டும், வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட்டுக்கு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், அன்றைக்கும் பேர் இல்லை. இரண்டு நாள் சம்பளமும் பஸ் காசும் போனால் அந்த வாரத்துக் கடைச் சாமான் குறையும். அதனால் அம்மா தலை சுற்றினால் மருந்துக்காம்பராவில் (தோட்டத்து மருந்தகத்தில்) இரண்டு வெள்ளை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தேயிலை மலைக்குப் போய்விடுகிறார்.

வீட்டுக்கு வந்து இரத்தம் எடுக்கும் வசதி யாருக்குத் தேவையோ அவர்களுக்கு 18,500 ரூபா இல்லை. இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. என் மனதில் இருப்பதை எழுதினேன்.

புசல்லாவை சேர் – ஜனவரி 24

மகளே, நான் அதை யோசிக்கவே இல்லை. நான் 32 வருடம் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன், எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை கோயில் கமிட்டியும் பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்திலேயே சீனியும் பிரஷரும் பார்த்தார்கள். வந்தவர்களில் நிறையப் பேர் கொழுந்து எடுக்கிற பெண்கள். எழுத்தில் கேட்டால்தான் நடக்கும். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் சொல், நான் எழுதித் தருகிறேன்.

நீலக்குறிஞ்சான் (ஹப்புத்தளை) – ஜனவரி 26

இரும்பு மாத்திரை பற்றி ஓர் எச்சரிக்கை. எனக்கு ஹீமோகுளோபின் 12.4, எம்.சி.வி. 67. இரத்தம் குறைவு என்று சொல்லி இரண்டு வருடம் இரும்பு மாத்திரை குடித்தேன். எண் அசையவே இல்லை, வயிறுதான் கெட்டது. பிறகு ஒரு டொக்டர் பெரிட்டின் பார்த்தார், 140. இரும்பு நிறையவே இருக்கிறது. அடுத்து ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கிற பரிசோதனை செய்தார்கள். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவி நான். நோயாளி இல்லை, மரபணுவைச் சுமக்கிறவன் மட்டும்.

எனக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு காவிகள் கல்யாணம் செய்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் பிள்ளை வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும். குருநாகலில் இருக்கும் தேசிய தலசீமியா நிலையத்தில் சின்னச் சின்னப் பிள்ளைகள் கையில் ஊசியோடு படுத்திருப்பதைப் பார்த்தவன் நான். கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததும் பெண் வீட்டாரிடம் இதை முதலிலேயே சொன்னேன், அவரும் பரிசோதித்தார். ஜாதகம் பார்க்கிற வாரத்திலேயே ஒரு எஃப்.பி.சி.யும் (இரத்த அணுக்களை எண்ணுகிற பரிசோதனை) எடுங்கள். அதில் எம்.சி.வி. என்ற எண் 80க்குக் கீழே இருந்தால் மேலே விசாரியுங்கள்.

மழைச்சாரல் (கொட்டகலை) – பிப்ரவரி 9

டொக்டரிடம் போய் வந்தேன். குறிஞ்சி அக்கா சொன்னபடி எண்ணிச் சொன்னேன். ஏழு நாள், முதல் மூன்று நாள் மிகவும் அதிகம். ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி எதுவும் இல்லை. அதற்கு மருந்தும், இரும்பு மாத்திரையும் தந்தார். மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடித்தாலே உடம்பு நன்றாக உறிஞ்சும் என்றார், வயிறும் அவ்வளவாகக் கெடாதாம்.

பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும், கூடவே தேத்தண்ணி. மத்தியானம் சோறு, சாப்பிட்டு முடித்த கையோடு சாயத்தண்ணி. மாலையில் இன்னும் இரண்டு. மாத்திரையையும் தேத்தண்ணியோடுதான் விழுங்கப் போனேன், நல்ல வேளை கேட்டார். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாதாம். குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடச் சொன்னார். கீரையிலும் பருப்பிலும் தேசிக்காய் பிழியச் சொன்னார், நெத்தலியும் முடிந்தால் ஈரலும் சேர்க்கச் சொன்னார்.

குறிஞ்சி (பண்டாரவளை) – பிப்ரவரி 9

தேத்தண்ணி இல்லாமல் சாப்பாடு இறங்காத வீடு எங்களுடையது. நான் இப்படிச் செய்கிறேன்: சாப்பாட்டோடு சுடுதண்ணி, கொழுந்து எடுத்து வந்து மூச்சு வாங்கும் நேரம் போல பத்து மணிக்கு ஒரு தேத்தண்ணி, நாலு மணிக்கு ஒன்று. ஒரு வாரம்தான் கஷ்டம்.

டிக்கோயா ஓட்டம் – பிப்ரவரி 11

எல்லோரும் கவனிக்காத ஒன்று. அந்த ஆப்பில் பதியும்போது "பங்காளி நிறுவனங்களுடன் தகவலைப் பகிரலாம்" என்ற பெட்டியில் ஏற்கனவே சரி போட்டிருந்தது. என் ஈரல் எண் சிவப்பான அடுத்த வாரமே ஈரலுக்கு மருந்து விளம்பரம் வரத் தொடங்கியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேடமான தரவாகத்தான் வைத்திருக்கிறது. அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, என் தகவலை அழிக்கும்படி எழுதிக் கேட்டேன். நீங்களும் பாருங்கள். ரிப்போர்ட்டைக் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு முன்பும் ஒரு தரம் யோசியுங்கள்.

மழைச்சாரல் (கொட்டகலை) – ஜூன் 14

நான்கு மாதம் கழித்து வருகிறேன். என் எண்கள்: ஹீமோகுளோபின் 13.3, பெரிட்டின் 42, எச்.பி.ஏ.1.சி. 5.5. இம்முறை பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிற்றில் இருந்து எடுத்த ட்ரைகிளிசரைட்டு 121. ஏழாம் பாடவேளையும் நின்றுகொண்டே படிப்பிக்கிறேன்.

ஆனால் எழுத வந்தது என் அம்மாவைப் பற்றி. வயது 58, இன்னும் கொழுந்து எடுக்கிறார். பொகவந்தலாவைத் தங்கச்சி எழுதியதை வாசித்த அன்று இரவு அம்மாவின் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. நகமும் அப்படியே. என் பரிசோதனைக்குச் சீட்டுக் காசு கட்டியபோது அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் ஒரு நாள் லீவு போட்டு, அம்மாவின் பேர் காசை நான் தருகிறேன் என்று சொல்லி அழைத்துப் போனேன். ஒரு எஃப்.பி.சி. மட்டும்தான் எடுத்தார்கள், இலவசம். ஹீமோகுளோபின் 8.6, எம்.சி.வி. 66. ஹப்புத்தளை அண்ணனின் பதிவு ஞாபகம் வந்து பெரிட்டின் பார்க்க முடியுமா என்று கேட்டேன். 6.

பூச்சி மருந்து கொடுத்தார்கள், கொக்கிப் புழு இரத்தம் குடிக்கும், வெறுங்காலோடு மலையில் நிற்பவர்களுக்கு அது வரும் என்றார்கள். ஆனால் டொக்டர் அதோடு விடவில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்பு இவ்வளவு குறைந்தால் வயிற்றுக்குள் எங்கோ இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்றார். நுவரெலியாவுக்கு அனுப்பி கமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண். முழங்கால் வலிக்கு அம்மா மூன்று வருடமாகக் கடையில் தனித்தனியாக வாங்கிப் போட்ட டைக்குளோபெனக் மாத்திரைதான் காரணம். புண்ணில் இருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள், புற்று இல்லை.

இப்போது அந்த மாத்திரையை நிறுத்திவிட்டோம், புண்ணுக்கு மருந்து நடக்கிறது, இரும்பும் குடிக்கிறார். போன கிழமை எடுத்ததில் 10.1. நேற்று வாசலில் இருந்து தண்ணீர்க் குடத்தை இடையில் நிற்காமல் தூக்கி வந்தார்.

ஏழாம் நம்பர் லயம் (பொகவந்தலாவை) – ஜூன் 14

அக்கா, வாசித்துவிட்டு எங்கள் அம்மாவின் கண்ணையும் பார்த்தேன். சேர், அந்தக் கடிதத்தை எழுதித் தாருங்கள். எங்கள் தோட்டத்தில் கோயில் மண்டபம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தான் இருக்கும்.

புசல்லாவை சேர் – ஜூன் 15

எழுதிவிட்டேன் மகளே. எம்.ஓ.எச். ஆபிஸுக்கு ஒன்று, தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு பிரதி. எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கு கேட்பார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) போய்ப் பெயர் எழுதிக்கொண்டு எனக்கு அனுப்பு. 35 வயதுக்குக் கீழே உள்ள பெண்களையும் எழுது, அவர்களுக்கு ஹீமோகுளோபின் பார்க்க முடியுமா என்று தனியாகக் கேட்டிருக்கிறேன்.

பச்சைமலை (ஹட்டன்) – ஜூன் 15

அந்த ஞாயிறு எதுவென்று சொல்லுங்கள். விடுப்பு நாளாக இருந்தால் இரத்தம் எடுக்க நானும் வருகிறேன். குழாய்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஹட்டனுக்குக் கொண்டுவர ஒரு வாகனம் மட்டும் பார்த்து வையுங்கள்.